தெர்மல் கேமரா எப்படிப் பார்க்கிறது, அதை எப்படிப் படிப்பது: சேலத்து மாடியிலும் ஏற்காட்டுப் பனியிலும்

சேலத்தில் ஏப்ரல் மாத இரவு ஒன்பது மணி. பகலெல்லாம் வெயில் வாங்கிய மேற்குச் சுவரின் முன்னால் ஒருவரை நிற்கச் சொல்லித் தெர்மல் கேமராவில் பாருங்கள். ஆள் சரியாகத் தெரிய மாட்டார். சுவரும் 34 டிகிரி செல்சியஸ், முகத்துத் தோலும் 34 டிகிரி என்றால் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டை மூடிய இடம் சுவரைவிடக் கறுத்துக்கூடத் தெரியும் (இங்கே வெளுப்பு என்றால் சூடு, கறுப்பு என்றால் குளிர்ச்சி). அதே ஆளை டிசம்பர் இரவில் ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தி அதே கேமராவில் பார்த்தால், மூக்கு நுனி வேறு, கன்னம் வேறு என்று பிரிந்து, அகல் விளக்கு ஏற்றி வைத்ததுபோலப் பளிச்சென்று தெரிவார். கேமராவில் கோளாறு இல்லை. அது பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. வித்தியாசம் இல்லாத இடத்தில் அதற்குப் படமும் இல்லை.

பிக்சல் எண்ணிக்கையையும் விலையையும் பார்த்துக் கருவியை வாங்கிவிடலாம். படத்தைப் படிக்கப் பழகுவதுதான் பெரிய வேலை. படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் மூன்று வரவுகளின் கூட்டு: பொருள் தானாக உமிழ்ந்தது, சுற்றியிருப்பவற்றிடமிருந்து வாங்கித் திருப்பி விட்டது, நடுவிலுள்ள காற்று தின்றதுபோக அதுவே சேர்த்தது. இந்த மூன்றையும் மனதில் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் கேமரா ஏமாற்றாது. கீழே முதலில் காரணம், பிறகு அடுக்களையில் செய்து பார்க்கும் சோதனை, அதன்பின் மலைக்கு எடுத்துப்போகும் முறை.

எதை நைட் விஷன் என்கிறோம்

கடையில் 'நைட் விஷன்' என்று மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. வாசலில் மாட்டும் சிசிடிவி கேமராவில் இருப்பது முதல் வகை. லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடிகள் 0.85 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை அடிக்கின்றன (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கண்ணுக்குத் தெரியாத டார்ச் லைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறத்தில் படம் காட்டும் ஒளிபெருக்கிக் குழாய் இரண்டாவது வகை. நட்சத்திர வெளிச்சம், நிலா வெளிச்சம் எதுவோ கொஞ்சம் வேண்டும். அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித் தருகிறது. இந்த இரண்டுக்கும் பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி தேவை. மூன்றாவதான தெர்மலுக்கு எந்த வெளிச்சமும் வேண்டாம். பொருள் தானே அனுப்புவதைப் பிடிக்கிறது.

கையிலுள்ளது எந்த வகை என்று தெரிந்துகொள்ள டிவி ரிமோட் போதும். ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். சிசிடிவியிலும் பல போன்களின் முன்பக்கக் கேமராவிலும் அது மினுக்கும். தெர்மல் கேமராவில் ஒன்றும் மினுக்காது. ரிமோட்டைப் பிடித்திருக்கும் விரல்கள்தான் ஒளிரும்.

சூடுள்ளதெல்லாம் ஒளிர்கிறது

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் தெரியாத இருட்டுப் பகுதியில் வைத்த வெப்பமானி இன்னும் கூடுதலாக ஏறியது. அகச்சிவப்பு என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். தனிச் சுழியத்துக்கு (கழித்தல் 273 டிகிரி செல்சியஸ்) மேலே இருக்கும் எந்தப் பொருளும் இப்படிக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. ஐஸ் கட்டியும் வீசுகிறது.

எந்த அலைநீளத்தில் அதிகம் வீசுகிறது என்பதற்கு வியன் விதி எளிய கணக்குத் தருகிறது. 2898ஐக் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டியது) உள்ள வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். சூரியனின் மேற்பரப்பு 5800 கெல்வினை ஒட்டி இருப்பதால் உச்சம் 0.5 மைக்ரான், நம் கண்ணும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. 800 டிகிரிக்குச் சிவக்கக் காய்ச்சிய இரும்பு 2.7 மைக்ரானிலும், 33 டிகிரியில் உள்ள தோல் 9.5 மைக்ரானிலும் உச்சம் தொடும். சாதாரண வெப்பநிலையில் உள்ள மாடு, மரம், சுவர், மனிதர் எல்லாமே 9 முதல் 10 மைக்ரானைச் சுற்றித்தான்.

அளவு எவ்வளவு என்பதை ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் விதி சொல்கிறது. கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படியை ஒட்டி அது ஏறும். 33 டிகிரித் தோல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 497 வாட் வீசும். 17 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் ஏற்காட்டுக் காப்பிச் செடி 401 வாட். இடைவெளி 96 வாட். ஆள் அவ்வளவு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இந்த 96தான். சேலத்துச் சுவர் முன்னால் அந்த இடைவெளி சுழியம்.

வீசியதெல்லாம் நம்மை வந்து சேர்வதில்லை. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் பல அலைநீளங்களை விழுங்கிவிடுகின்றன. 3 முதல் 5 மைக்ரான் வரை ஒரு சன்னல், 8 முதல் 14 மைக்ரான் வரை இன்னொரு சன்னல் மட்டும் திறந்திருக்கின்றன. நாம் வாங்கும் கேமராக்கள் எல்லாம் இரண்டாவது சன்னலில் வேலை செய்பவை. 27 டிகிரியில் உள்ள பொருள் வீசும் மொத்தத்தில் 37 சதவீதம் அளவு இந்தச் சன்னலுக்குள் விழுகிறது. நம் ஊர் வெப்பநிலைக்குப் பொருத்தமான சன்னல்.

லென்ஸும் பிக்சலும்

கேமராவின் முன்பக்க லென்ஸ் கண்ணாடி இல்லை. சாதாரணக் கண்ணாடி 10 மைக்ரான் கதிருக்குச் செங்கல் சுவர் மாதிரி. அதனால் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் லென்ஸ் கடைகிறார்கள். விலை குறைந்த கருவிகளில் கால்கோஜனைடு கண்ணாடி என்ற வேறொரு வகையும் வரும். ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. எண் இவ்வளவு பெரிதாக இருந்தால் மேற்பரப்பிலேயே 36 சதவீதம் எதிரொளித்துப் போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் பாதிக்கு மேல் நட்டம். இதைச் சரிக்கட்டத்தான் லென்ஸின் மேல் மெல்லிய பூச்சு போட்டிருக்கிறார்கள். சட்டை நுனியால் துடைத்துத் தேய்த்தால் போவது இந்தப் பூச்சு. ஊதுகுழல் பந்தால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடைப்பதுதான் முறை.

உள்ளே இருப்பது போலோமீட்டர். சாமுவேல் லாங்லி என்ற அமெரிக்கர் இதன் மூதாதையைச் செய்தார். கறுப்பாக்கிய மெல்லிய பிளாட்டினக் கீற்றுகள். சூடு பட்டால் மின்தடை மாறும். 1880 வாக்கில் கால் மைல் தூரத்தில் நிற்கும் பசுமாட்டின் சூட்டை அதனால் அறிய முடிந்தது. இன்றைய கேமராவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கீற்று 12 மைக்ரான் சதுரமாகச் சுருங்கி, ஒரு சில்லின் மேல் ஆயிரக்கணக்கில் நிற்கிறது, அவ்வளவுதான். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய இந்த நுட்பத்தின் ரகசியத் தடை 1992இல் விலகியது. கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு பிக்சலைக் கிட்டத்தில் பார்க்கலாம். வனேடியம் ஆக்சைடு பூசிய மெல்லிய தகடு ஒன்று இரண்டு ஒல்லிக் கால்களில் கட்டில் மாதிரி நிற்கிறது. தகட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே சுமார் 2.5 மைக்ரான் இடைவெளி, அதாவது 10 மைக்ரானில் கால் பங்கு. அடியில் எதிரொளிக்கும் உலோகம். முதலில் பிடிபடாமல் தகட்டைக் கடந்த கதிர் அடியில் பட்டுத் திரும்பி வந்து மறுபடி பிடிபடுவதற்கு இந்த அளவு. சுற்றிலும் வெற்றிடம், காற்று இருந்தால் பிடித்த சூட்டை அது கொண்டுபோய்விடும். கால்கள் ஒல்லியாக இருப்பதும் அதற்காகவே. எதிரே உள்ள பொருள் 1 டிகிரி கூடினால் இந்தத் தகடு கூடுவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான். வனேடியம் ஆக்சைடின் மின்தடை டிகிரிக்கு 2 சதவீதம் மாறும். ஆக மின்தடையில் வரும் மாற்றம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பெட்டியில் '50 மில்லிகெல்வின்' (0.05 டிகிரி) என்று போட்டிருக்கும் கருவி, இதிலும் இருபதில் ஒரு பங்கு மாற்றத்தை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறது. இந்த எண் குறையக் குறையக் கருவி நல்லது. பிக்சல் எண்ணிக்கைக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்கும்போது கேமராவின் சொந்த உடம்புச் சூடே பெரிய தொந்தரவு. அதனால் சில நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று சத்தம் கேட்டு படம் அரை நொடி உறையும். உள்ளே ஒரு சின்ன மூடி சென்சாரின் முன் வந்து நிற்கிறது. எல்லாப் பிக்சலும் ஒரே சூட்டைப் பார்க்கும் அந்த நேரத்தில் ஒவ்வொன்றின் பிழையையும் கழித்துக்கொள்கிறது. பழுது என்று நினைத்து இதை அணைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் படம் கோடு கோடாகவும் அழுக்குப் படிந்ததுபோலவும் ஆகும்.

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

மலை ஏறுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். கேமராவை இயக்கிப் பதினைந்து நிமிடம் விட்டு, உமிழ்திறன் அளவை (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு வெளியே வீசுகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 0.95இல் வைத்துத் தொடங்குங்கள்.

1. எவர்சில்வர் டம்ளர். பளபளப்பான டம்ளரின் வெளிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். 80 டிகிரி வெந்நீரை ஊற்றி இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். டேப் உள்ள இடம் தண்ணீரின் சூட்டை ஒட்டிக் காட்டும். ஒரு விரற்கடை தள்ளி, வெறும் எவர்சில்வர் 40 டிகிரி அளவில்தான் காட்டும். தொட்டால் இரண்டும் ஒரே சூடு. எவர்சில்வரின் உமிழ்திறன் 0.15 அளவு, மீதி 85 சதவீதம் அறையின் 30 டிகிரியைத் திருப்பி அனுப்புகிறது. டம்ளருக்கு அருகே உங்கள் கையைக் கொண்டுபோனால் கையின் பிம்பம் டம்ளரில் நகர்வதையும் பார்க்கலாம். பளபளப்பான உலோகத்தில் கேமரா காட்டும் எண்ணை எப்போதும் நம்பாதீர்கள். டேப் ஒட்டி, அது சூடேறக் காத்திருந்து, டேப்பை அளக்க வேண்டும்.

2. கண்ணாடியும் பாலித்தீனும். மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவரை நிற்க வையுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறவர் கேமராவில் தெரிய மாட்டார். கண்ணாடியின் சூடும், கேமராவைப் பிடித்திருக்கும் உங்கள் மங்கலான நிழலுமே தெரியும். அடுத்து, கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மறைந்த கை கேமராவில் ஐந்து விரலோடு தெரியும். மெல்லிய பாலித்தீன் 10 மைக்ரான் கதிரைப் பெருமளவு விட்டுவிடுகிறது. மழைத் தூறலில் கேமராவுக்கு உறை போட வேண்டியிருந்தால் கண்ணாடிப் பெட்டி உதவாது, சுருக்கமில்லாத மெல்லிய பாலித்தீன் உதவும்.

3. வெள்ளிக் கொலுசு. சேலத்தில் இதற்குப் பஞ்சமில்லை. கொலுசு போட்ட காலை முப்பது சென்டிமீட்டர் தூரத்தில், ஃபோகஸைக் கிட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கால் வெளுத்து ஒளிர, கொலுசு மட்டும் கறுப்பு வளையமாகக் குறுக்கே ஓடும். வெள்ளி நன்றாகச் சூட்டைக் கடத்தும் உலோகம். தோலோடு ஒட்டிக் கிடக்கும் கொலுசு தோலின் சூட்டுக்கே வந்திருக்கும். ஆனாலும் மெருகிட்ட வெள்ளியின் உமிழ்திறன் 0.03க்குள்தான். அது தன் சூட்டை வெளியே சொல்வதே இல்லை. தரையையும் சுவரையும் கண்ணாடிபோலக் காட்டுகிறது. மீனா வேலை செய்த கொலுசாக இருந்தால் இன்னும் நல்லது. வண்ணப் பூச்சு உள்ள புள்ளிகள் தோலைப் போலவே வெளுத்தும், சுற்றியுள்ள வெள்ளி கறுத்தும், பூ வடிவம் அப்படியே எழுந்து வரும். வெள்ளிப் பட்டறைக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மூசையில் உருகிய வெள்ளியின் சூட்டை இந்த வகைக் கேமராவால் அளக்கப் பார்க்காதீர்கள். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். கேமரா அதைவிட மிகக் குறைத்துக் காட்டும். அந்த வேலைக்கு 1 மைக்ரானை ஒட்டி அளக்கும் பைரோமீட்டரோ தெர்மோகப்பிளோதான் பொருத்தம்.

4. ஐஸ் நீர். அகலப் பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டு நன்றாகக் கலக்கி, மேலிருந்து சற்றுச் சாய்வாக அளவெடுங்கள். தண்ணீரின் உமிழ்திறன் 0.96. கேமரா 0 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குள் காட்டினால் கருவி சரி. கொதிநீரில் சரிபார்ப்பவர்கள் ஏற்காட்டில் குழம்பிப்போவார்கள். 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சேலத்தில் 99. ஆவி வேறு நடுவில் வந்து மறைக்கும். ஐஸ் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

எவ்வளவு தூரம் தெரியும்: கணக்கு

விளம்பரத்தில் 'ஒரு கிலோமீட்டர்' என்று போட்டிருந்தால் எதை, எப்படிப் பார்க்க என்று கேளுங்கள். பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் வரும். 12 மைக்ரான் பிக்சல், 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 0.48 மில்லிரேடியன், 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 4.8 சென்டிமீட்டரைப் பார்க்கிறது. போனில் செருகும் சின்னக் கருவியில் லென்ஸ் 4 மில்லிமீட்டர்தான் என்றால் அதே தூரத்தில் ஒரு பிக்சலுக்கு 30 சென்டிமீட்டர்.

1958இல் ஜான் ஜான்சன் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து வந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏதோ இருக்கிறது என்று சொல்ல இலக்கின் குறுக்கே 2 பிக்சல், இது மாடு இது மனிதர் என்று இனம் பிரிக்க 8, இன்ன மாடு என்று உறுதியாகச் சொல்ல 13 வேண்டும். அதுவும் இரண்டில் ஒரு தடவை சரியாகச் சொல்வதற்கான அளவு. தோள் உயரம் 1.7 மீட்டர் உள்ள காட்டெருமைக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் லென்ஸில் 1770 மீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி, 440 மீட்டரில் இனம் தெரியும், 270 மீட்டரில் காட்டெருமை என்று உறுதி. போன் கருவியில் இதே எண்கள் 280, 70, 44. காட்டெருமை பக்கவாட்டில் நிற்காமல் நேராக உங்களைப் பார்த்து நின்றால் அதன் அகலம் உயரத்தில் பாதிதான், தூரமும் பாதியாகிவிடும். 44 மீட்டர் என்பது காட்டெருமைக்கு ஓடிக் கடக்கிற தூரம். எஸ்டேட் வீட்டு வாசலை இரவில் பார்த்துக்கொள்ள வாங்குவதாக இருந்தால் போன் கருவியை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒயர் சூடு, மோட்டார் பேரிங், கூரைக் கசிவு பார்க்க அது தாராளம்.

லென்ஸின் எஃப் எண்ணையும் (குவியத் தூரத்தை லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்தது) கேளுங்கள். 1.0 இருந்தால் நல்லது. 1.4 என்றால் சென்சாருக்கு வரும் கதிர் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சின்னப் பிக்சல் என்றாலே கூர்மை என்றும் நினைக்க வேண்டாம். 10 மைக்ரான் கதிர் எவ்வளவு நல்ல லென்ஸிலும் எஃப் 1.0இல் 24 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகத்தான் குவியும். 12 மைக்ரானுக்குக் கீழே பிக்சலைச் சுருக்கினால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. வேகமும் முக்கியம். ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாகப் பல கருவிகள் நொடிக்கு 9 படத்துக்கு மேல் காட்டாது. நின்ற பொருளுக்கு அது போதும். ஓடுகிற நாயைத் தொடர 25 வேண்டும்.

மலைக்குக் கொண்டுபோகும்போது

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1200 மீட்டர் உயர வித்தியாசம். காற்று 8 டிகிரி அளவு குளிர்ந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த உடனே கேமராவை எடுத்துப் பார்த்தால் படத்தின் ஓரங்கள் வெளுத்தோ கறுத்தோ தெரியும், எண்கள் ஏறி இறங்கும். கேமராவின் உடம்பு இன்னும் குளிர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே எடுத்து இருபது நிமிடம் இயங்க விட்டு, மூடியை லென்ஸில் போட்டு ஒரு முறை சரிசெய்யும் பட்டனை அழுத்திய பிறகு தொடங்குங்கள். ஏசி காரிலிருந்து ஈரக் காற்றுக்கு எடுத்தால் லென்ஸில் பனி பூக்கும். அந்தத் தண்ணீர்ப் படலம் 10 மைக்ரான் கதிரை விழுங்கிவிடும். துடைக்காமல் தானே உலர விடுங்கள். காரின் முன்கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது என்பது சன்னல் சோதனையிலேயே தெரிந்திருக்கும். காரை ஓரமாக நிறுத்தி, கதவுக் கண்ணாடியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. இலையும் தகரமும் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறுபவை. சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறையும், கீழே சேகோ ஆலைகளின் சிமென்ட் களமும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குபவை. இரண்டும் ஒரு நாளில் இரு தடவை ஒன்றை ஒன்று கடக்கின்றன: காலையில் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை. அந்த வேளையில் படம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். பிறகு முன்னிரவில் இன்னொரு தொல்லை. வெயில் குடித்த பாறைகள் நள்ளிரவு தாண்டியும் வெளுத்துக் கிடக்கும். படுத்திருக்கும் மாடு என்றே தோன்றும். வெளுத்ததெல்லாம் பால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் இதுதான். அதிகாலை மூன்று மணி முதல் ஐந்தரை வரை பாறை, மரம், மண் எல்லாம் ஆறி ஒரே சாம்பலாகிவிடும். உயிருள்ளது மட்டும் தனித்து நிற்கும்.

பாறையா மாடா என்று சந்தேகம் வந்தால் சூட்டின் பரவலைப் பாருங்கள். பாறை ஒரே சீராக வெளுத்து ஓரத்தில் மெல்ல மங்கும். விலங்கில் கண், காதின் உட்புறம், மூக்கைச் சுற்றிய இடம், தொடையின் உட்பக்கம் ஆகியவை முதுகைவிட வெளுத்திருக்கும். நீங்கள் பார்ப்பது ரோமத்தின் சூடு, உடம்பின் உள்சூடு இல்லை. ஆகவே காட்டெருமையின் முதுகு 38 டிகிரி காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்டெருமையை அடையாளம் காட்டும் முழங்காலுக்குக் கீழான வெள்ளைக் காலுறையும் இரவில் தெரியாது. கறுப்பு ரோமமும் வெள்ளை ரோமமும் 10 மைக்ரானில் ஏறக்குறைய ஒரே மாதிரி உமிழ்கின்றன. தோள் திமிலையும் தலையைத் தாழ்த்தி நிற்கும் வாகையும் கொண்டுதான் இனம் காண வேண்டும்.

காப்பிச் செடிக்குப் பின்னால் நிற்பதைத் தெர்மல் ஊடுருவிப் பார்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பார்க்காது. இலை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு மறைப்பு. இலைகளின் இடைவெளியில் வெளுப்புத் துணுக்குகள் தெரியும், அவ்வளவே. கேமராவை அரை அடி இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். துணுக்குகள் இடம் மாறி மாறி வர, பின்னாலுள்ள உருவத்தை மனம் சேர்த்துக்கொள்ளும். சில்வர் ஓக் மரத்தடியில் காப்பி அடர்ந்த எஸ்டேட்டில் வேறு வழி இல்லை.

ஃபோகஸில் தவறு செய்வது மிகச் சாதாரணம். 25 மில்லிமீட்டர், எஃப் 1.0 லென்ஸை எட்டாத் தூரத்துக்கு (இன்ஃபினிட்டி) வைத்தால் 52 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் மங்கும். 52 மீட்டருக்கு வைத்தால் 26 மீட்டரிலிருந்து மலையுச்சி வரை தெளிவு. மங்கிய உருவம் சூடும் குறைத்துக் காட்டும், அதாவது படம் கெடுவதோடு எண்ணும் கெடும். மாலை வெளிச்சத்திலேயே 50 மீட்டர் தூரத்திலுள்ள ஒரு கம்பத்தைக் குறிவைத்து, ஃபோகஸ் வளையத்தில் சின்னதாக ஒரு குறி போட்டுவிடுங்கள்.

நிறத்தட்டில் வெண்சூடு (சூடானது வெள்ளையாகத் தெரிவது) என்பதை வைத்துக்கொள்ளுங்கள். வானவில் நிறங்கள் அழகாக இருக்கும், இரவில் கண்ணைக் குழப்பும். தானாகச் சரிசெய்யும் முறையில் வானம் படத்துக்குள் வந்தால் தெளிந்த இரவு வானம் உறைநிலைக்கும் வெகு கீழாகத் தெரியும். கேமரா அந்தப் பெரிய இடைவெளிக்கு நிறங்களைப் பங்கிட, தரையிலுள்ள வித்தியாசம் எல்லாம் ஒரே சாம்பலில் அடங்கிவிடும். பகோடா பாயின்ட் போன்ற விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்க்கும்போது அடிவானத்துக்கு மேலே தூக்காதீர்கள். அல்லது மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் கையால் 10 டிகிரி இடைவெளிக்குள் பூட்டுங்கள். அந்தக் குளிர்ந்த வானம் தகரக் கூரைகளிலும் எதிரொளிக்கும். கூரை பனிக்கட்டிபோலக் காட்டினால் அது வானத்தின் பிம்பம்.

பனி இறங்கினால்

ஏற்காட்டில் சாலைக்கு இறங்குவது மேகமேதான். புகையும் மெல்லிய தூசிமூட்டமும் தெர்மலுக்குத் தடை ஆவதில்லை. அவற்றின் துகள்கள் 1 மைக்ரானுக்கும் சிறியவை, 10 மைக்ரான் அலை அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். பனித்துளியின் விட்டமோ பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் வரை. அலைநீளமும் துளியும் ஒரே அளவானால் சிதறலும் அதிகம், தண்ணீர் விழுங்குவதும் அதிகம். கண்ணுக்கு 30 மீட்டர் தெரிகிற அடர்பனியில் கேமராவுக்கும் அதை ஒட்டித்தான் தெரியும். பனியில் வண்டி ஓட்டத் தெர்மலை நம்பி வேகம் கூட்டுவது ஆபத்து. மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஈரம் போர்த்திய இலை, பாறை, மண் மூன்றும் ஒரே தண்ணீர்ச் சூட்டைக் காட்டுவதால் பின்னணி தட்டையாகிவிடும். உயிர்கள் அப்போதும் தெரியும்; வழியும் பள்ளமும் தெரியாது.

கருவியைக் கெடுப்பவை

சூரியனை நோக்கிக் காட்டினால் லென்ஸ் அந்தச் சூட்டை அப்படியே சில பிக்சல்களில் குவிக்கும். தழும்பு போல ஒரு தடம் படத்தில் நிற்கும். சில நாளில் மறையலாம், மறையாமலும் போகலாம். கழுத்தில் தொங்கவிட்டுப் பகலில் நடக்கும்போது மூடி போட்டே இருக்க வேண்டும். அக்ரிலிக் வெட்டும் கரியமில வாயு லேசர் இயந்திரம் 10.6 மைக்ரானில் அடிப்பது; அதன் எதிரொளிப்பு பட்டாலே சென்சார் போய்விடும். பட்டறையில் அதன் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

வேட்டைக்கு இதைப் பயன்படுத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைவதும் வனத்துறை அனுமதியின்றிக் கூடாது. வீட்டு வாசல், எஸ்டேட் எல்லை, பொதுச்சாலை ஆகிய இடங்களிலிருந்து பார்ப்பது போதுமானது. காட்டெருமை தெரிந்துவிட்டால் டார்ச் அடிக்காமல், ஹாரன் கொடுக்காமல், அது நகரும்வரை கதவுக்குள்ளோ வண்டிக்குள்ளோ இருங்கள்.

கீழே இறங்கும்போது கேமராவை ஜிப் வைத்த பாலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் போட்டு மூடி, சேலம் வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். குளிர்ந்த லென்ஸில் ஊர்க் காற்றின் ஈரம் படியாது.